கரையும் பங்கும்

ஆவணி மூலத் திருவிழாவில் சோமசுந்தரப் பெருமான் வைகைக் கரையிலுள்ள புட்டுத்தோப்புக்கு எழுந்தருளி, பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை நடத்திக் காட்டும் நாளில், மதுரை ஜனங்கள் வந்திக் கிழவியின்பால் இறைவன் கொண்ட கருணையை நினைத்து உருகுவார்களேயன்றி, அந்தக் கதைக்குள்ளே ஒரு முழு நீர்ப்பாசன நிர்வாகமே அடங்கிக் கிடப்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. வைகை பெருகிக் கரையை உடைக்கிறது. பாண்டியன் உடைப்பை அடைக்கும் பொறுப்பை வீட்டுக்கு வீடு அளந்து பங்கிட்டு விடுகிறான். சுற்றமும் பிள்ளையும் இல்லாத கிழவிக்கும் அந்தப் பங்கிலிருந்து விலக்கு இல்லை, ஆள் அமர்த்தியாவது அவள் தன் கரையை அடைத்தே தீரவேண்டும். கூலி உதிர்ந்த பிட்டாகப் பேசி முடிக்கப்படுகிறது. வேலையைப் பார்வையிடச் சேவகர்கள் இருக்கிறார்கள். கூடையைத் தலைக்கு வைத்து உறங்குகிறவனுக்குப் பிரம்படியும் இருக்கிறது. மண் சுமந்த செய்தியைத் திருவாசகமே குறிப்பிடுகிறது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் அதை விரித்துப் பாடுகிறார். ஆயினும் கரையைக் குடிகளுக்குப் பங்கிடுவது ஏன் என்று கதை சொல்பவர் எவரும் விளக்க முற்படுவதில்லை. கேட்பவருக்கு அது தெரிந்த சங்கதி. குடிமராமத்து என்று பிற்காலத்தார் அழைத்த சம்பிரதாயத்துக்கு ஒரு ஸ்தலபுராணம் உண்டென்றால் அது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சம்பிரதாயம் மதுரைச் சீமையில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு நிலத்தின் இயல்பே முதற்காரணம். வருஷநாட்டு மலைகளில் பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வழியாகச் சுமார் 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, காவிரியைப் போல மாதக்கணக்கில் நின்று ஓடும் ஆறன்று. மழை பெய்தால் சில நாள் இரு கரையும் தழுவிப் பெருகி, மழை ஓய்ந்தால் மணலை மாத்திரம் காட்டிவிட்டுப் போகும் ஆறு. ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை பெறும் இந்தச் சமவெளியில், அந்த மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் சில புயல்களோடு கொட்டித் தீர்ந்துவிடுவதால், ஓடும் நீரை ஓடும்போதே பிடித்து நிறுத்தி வைத்தாலன்றி ஒரு போகம் நெல்லும் விளையாது. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரியும் இந்த நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவாகக் கரை போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆயிரக்கணக்கான கண்மாய்களை நம் முன்னோர் அமைத்தார்கள். மேலூர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. மேலூரான் மறுகால் பாயும் கலிங்கை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் கீழூரானுக்கு வறட்சி. மேலூர்க் கரை நள்ளிரவில் உடைந்தால், அந்தத் தொடரிலுள்ள கரைகள் யாவும் விடிவதற்குள் ஒவ்வொன்றாக உடையக்கூடும். எல்லாக் கண்மாய்களுக்கும் கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாய் காத்திருக்கிறது. அதையும் தாண்டி வைகை கடலைக் காண்பது அபூர்வம். இத்தகைய அமைப்பில் ஒருவன் தன் வயலை மட்டும் பார்த்துக்கொண்டு பிழைக்க முடியாது. நாலு ஊரார் கூடிப் பேசாமல் ஒரு மடை திறக்க முடியாது. கூடிப் பேசியபோதெல்லாம் அவர்கள் ஒற்றுமையாகவே பேசினார்கள் என்று நான் சொல்லவும் மாட்டேன்.

பாண்டியர் காலத்துச் சான்றுகள் இதற்கு அரண் செய்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டியன் சேந்தன் காலத்துக் கல்வெட்டு ஒன்று மதுரையில் வைகையாற்றிலேயே கிடைத்திருக்கிறது. ஆற்றில் மதகு அமைத்த செய்தியை அது கூறுகிறது. பிற்காலப் பாண்டியர் வீற்றிருந்து ஆணை பிறப்பித்த அரண்மனை, அவர்களுடைய சாசனங்களில் மாடக்குளக்கீழ் மதுரையில் உள்ளதாகக் குறிக்கப்பெறுகிறது. இராஜதானிக்கே முகவரி ஒரு கண்மாயின் பெயரால் எழுதப்பட்டது என்றால், அரசனின் கௌரவத்தில் கண்மாய்க்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதை யூகித்துக்கொள்ளலாம். தொண்டை நாட்டு உத்தரமேரூரில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை இட்டு ஆள் தெரிந்தெடுத்த செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அது பிராமண சபையின் ஏற்பாடு. பாண்டிய நாட்டுக் கண்மாய்க் கரைகளில் நடந்ததற்கு அத்தனை ஒழுங்கான எழுத்துச் சான்று குறைவு. வழக்கமே அங்கே சட்டமாக இருந்தது.

அந்த வழக்கம் எப்படி நடந்ததென்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். பெரிய கரையை எழுப்புவதும், கருங்கல்லால் மடையும் கலிங்கும் கட்டுவதும் குடிகளின் வேலையன்று. அவை அரசனோ, நாயக்கரோ, சேதுபதியோ, பாளையக்காரரோ செய்து புண்ணியமும் புகழும் தேடிக்கொள்ள வேண்டிய கைங்கரியங்கள். ஆண்டுதோறும் வரத்துக்காலைத் தூர்வாருவது, கரையில் மழை அரித்த பள்ளங்களுக்கு மண் போடுவது, மடைவாயில் அடைத்த வண்டலை எடுப்பது, வெள்ளக் காலத்தில் இரவு பகலாகக் கரையைக் காவல் காப்பது ஆகிய இவையே குடிகளின் பங்கு. அந்தப் பங்கும் அவரவர் ஆயக்கட்டில், அதாவது கண்மாய் நீர் பாயும் பரப்பில், வைத்திருந்த நிலத்தின் அளவுக்கேற்ப வகுக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக நீர்க்கட்டி அல்லது நீர்ப்பாய்ச்சி என்று அழைக்கப்பட்டவன் இருந்தான். எந்த மடையை எந்த நாளில் எத்தனை விரற்கடை திறப்பது, தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு முதல் முறை, எதற்கு இரண்டாம் முறை என்பனவெல்லாம் அவன் பொறுப்பு. நிலத்துக்குச் சொந்தக்காரன் தன் வயலுக்குத் தானே வாய்க்காலை வெட்டி விட்டுக்கொள்ளக்கூடாது என்பது பல ஊர்களில் கண்டிப்பான கட்டுப்பாடு. அறுவடைக் காலத்தில் களத்திலேயே அவனுக்குரிய நெல் அளந்து கொடுக்கப்பட்டது. விளைச்சல் பொய்த்தால் அவன் வருமானமும் பொய்த்தது. ஆகையால் கடைமடை வயல் காயாமல் பார்ப்பதில் அவனுக்கு இருந்த அக்கறை எந்தச் சம்பள உத்தியோகஸ்தனுக்கும் இருந்திருக்க முடியாது. கரைமேல் அய்யனாரும் மடையருகே கருப்பணசாமியும் காவல் இருந்தார்கள். கோடை முற்றிக் கண்மாய் வற்றுங்காலத்தில், மேலூர்த் தாலூக்கா ஊர்களில் இன்றும் நடப்பதுபோல, ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று துண்டு வீசிச் சைகை காட்ட, சுற்றுவட்டார ஜனங்கள் எல்லாரும் ஊத்தாவும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்கி மீன்பிடிக்கும் திருவிழாவும் இருந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் காலத்துக் கிராமம் ஒரு சமதர்ம ராஜ்யமாக விளங்கியது என்று முடிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட ஜாதியினர். அவர்கள் கை பட்ட தண்ணீர் விளைவித்த நெல் கோயிலுக்குள் நைவேத்தியமாகச் சென்றது, அவர்களோ கோயிலுக்கு வெளியே நின்றார்கள். மண் சுமக்கும் முறை வந்தபோது பெரிய நிலக்காரர் தம் பண்ணையாளை அனுப்பினார். திருவிழாவில் முதல் மரியாதை வாங்கும் முறை வந்தபோது தாமே சென்றார். சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-இல் நூல் வெளியிட்ட பிரிட்டிஷ் மானிடவியலாளர் டேவிட் மாஸ், கிராமத்தார் தாமாகவே கூடித் தம் கண்மாயைப் பேணினார்கள் என்ற சித்திரத்தில் பெரும்பகுதி ஆங்கிலேய ஆட்சியாளரின் சௌகரியத்துக்காக வரையப்பட்டது என்றும், உண்மையில் அரசர்களும் சேதுபதிகளும் வழங்கிய மானியங்களும் மரியாதைகளுமே அந்த அமைப்பைத் தாங்கி நின்றன என்றும் வாதிக்கிறார். அவர் கூற்றை நான் முழுவதும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், அதில் ஒரு மறுக்க முடியாத மெய் இருக்கிறது: பங்கு என்பது வெறும் கடமையாக ஒருபோதும் இருந்ததில்லை, நிலமோ நெல்லோ மீனோ மரியாதையோ ஏதேனும் ஒரு பாத்தியதை அதனோடு பிணைந்தே வந்தது.

1801-இல் கர்நாடகம் முழுவதும் கும்பினியார் கைக்கு வந்தபோது அறுந்தது இந்தப் பிணைப்புத்தான். சிவகங்கையும் இராமநாதபுரமும் ஜமீன்களாக நின்றன. மதுரையின் பெரும்பகுதி ரயத்துவாரிக்கு உட்பட்டது. விளைச்சலைக் களத்தில் அளந்து பங்கிடும் முறை போய், தனித்தனிக் குடியானவன் தன் பட்டாவுக்குரிய வரியைக் காசாகச் செலுத்தும் முறை வந்தது. தண்ணீர் தட்டினாலும் தட்டாவிட்டாலும் வரி நின்றது. கண்மாய்க்கு என்று ஒதுங்கிய மானியங்கள் பல சர்க்கார் கணக்கில் சேர்ந்தன. பழுது பார்க்கும் செலவோ சர்க்கார் கணக்கில் சேரவில்லை. பிறகு, 1858-ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடந்தன. சென்னை மாகாணத்தில் எஞ்சினியர்களைக் கொண்ட பொதுப்பணித் துறை அமைந்தது ஒன்று. வழக்கப்படி செய்யவேண்டிய கண்மாய் வேலையைச் செய்யத் தவறும் குடிகளிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல இரு மடங்கு வசூலிக்க வகைசெய்த கட்டாய உழைப்புச் சட்டம், அதாவது 1858-ஆம் வருஷத்து முதலாவது சட்டம், மற்றொன்று. அறிவும் அதிகாரமும் துறைக்கு, மண்வெட்டியும் அபராதமும் குடிகளுக்கு என்று பாகப்பிரிவினை ஆயிற்று. பாண்டியன் பிரம்பையும் வைத்திருந்தான், கரைக்குப் பொறுப்பும் ஏற்றிருந்தான். கும்பினியார் பிரம்பை மட்டும் சுவீகரித்துக்கொண்டார்கள்.

அந்தச் சட்டம் பயன்படவில்லை என்பதில் வியப்பில்லை. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பிறகு, 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச விசாரணைக் கமிஷனும், 1901 முதல் 1903 வரை ஆராய்ந்த நீர்ப்பாசனக் கமிஷனும் சிறு பாசனங்களின் சீர்கேட்டைக் கவனிக்க நேர்ந்தது. 1883-இல் தொடங்கிய ஏரிகள் புனருத்தாரணத் திட்டம் ஒவ்வொரு கண்மாயையும் அளந்து, கரையின் நீளம் என்ன, கலிங்கின் மட்டம் என்ன, மடைகள் எத்தனை என்று ஏட்டில் பதிந்தது. இன்றும் பயன்படும் நல்ல வேலை அது. ஆனால் நீர்க்கட்டியின் ஞாபகத்தில் இருந்தது கச்சேரியின் அலமாரிக்குப் போயிற்று. அடுத்த தலைமுறை நீர்க்கட்டியிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெரியாறு அணையின் சரித்திரம் யாவரும் அறிந்ததாகையால் சுருங்கச் சொல்லிப் போகலாம். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை ஆங்கிலேயருடையதன்று; பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி ஆராய்ந்து, செலவை அஞ்சிக் கைவிட்டது. 1808-இல் கால்டுவெல் என்ற காப்டன் அதை வீண்கனவு என்று ஒதுக்கினார். பஞ்சத்துக்குப் பின் அது மீண்டும் எழுந்து, 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாகி, எஞ்சினியர் பென்னிகுயிக்கின் பிரயத்தனத்தால் முடிந்து, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபுவால் திறந்து வைக்கப்பட்டது. மலையைக் குடைந்து வந்த நீர் வைகையில் இறங்கி, பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி, மேலூர் வரைக்கும் சென்று, மானம் பார்த்த பூமியை நெல்வயலாக்கிற்று. அந்த நன்றியை மதுரை, தேனி ஜில்லா விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. எனினும் கண்மாயின் நிறைவு ஊர் எல்லையில் பெய்த மழையைச் சார்ந்திருந்த காலம் போய், எங்கோ ஓர் அணையின் மட்டத்தையும் அதைத் திறக்கும் உத்தரவையும் சார்ந்திருக்கும் காலம் அதனோடுதான் பிறந்தது. 1959 ஜனவரியில் காமராஜர் திறந்து வைத்த வைகை அணைக்குப் பிறகு அது முற்றிலும் உறுதிப்பட்டது. இருபோகம் எது, ஒருபோகம் எது என்று ஆயக்கட்டு வகுக்கப்பட்டு, இருபோகத்துக்கு 45,041 ஏக்கர் என்று கணக்காயிற்று. 71 அடி கொள்ளும் அந்த அணையில் நீர் 67 அடியைத் தாண்டினால்தான் உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் ஏறும். அந்த நாலடிக்காக அவ்வூர் விவசாயிகள் ஆண்டுதோறும் செய்தித்தாளில் அணையின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கண்மாய்கள் ஆயக்கட்டின் அளவால் பிரிக்கப்பட்டன. 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறைக்கு, குறைந்தவை பஞ்சாயத்து ஒன்றியத்துக்கு என்று ஏற்பட்டதால், ஒரே தொடரில் மேலுள்ளதற்கு ஓர் எஜமானரும் கீழுள்ளதற்கு வேறோர் எஜமானரும் வாய்த்தார்கள்; இடையிலுள்ள வரத்துக்காலுக்கு எஜமானரே இல்லாமற் போயிற்று. உள்வாயில் கருவேல மரம் வளர்த்து வெட்டுவதன் வருமானம் ஒருவருக்கு, மீன்பாசிக் குத்தகை வேறொருவருக்கு என்றாக, கரைக்கு மண் போடும் பொறுப்பை மட்டும் விவசாயிக்கு நினைவூட்டினார்கள். இதற்கிடையில் கையில் காசுள்ளவர் மின்சார மோட்டார் வைத்துக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டதால், ஊர்க்கூட்டத்தில் உரக்கப் பேசக்கூடியவருக்கே கண்மாயில் அக்கறை குறைந்தது. கண்மாய்ப் பாசனம் நலிந்ததற்கு நான் அறிந்தவரையில் இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு கண்மாய்களை நவீனப்படுத்தும் திட்டம் நடந்தது; கலிங்குகள் புதிதாயின, வாய்க்கால்களுக்குச் சிமென்டு பூசினார்கள், பூசியதைப் பேண ஆளில்லை. 1992-இல் மதுரைப் பகுதியில் பிரதான் என்னும் தொண்டு நிறுவனம் விவசாயிகளைக் கொண்டே கண்மாயைச் சீரமைக்கும் முயற்சியைத் தொடங்கிற்று. 1997-இல் தோன்றிய தானம் அறக்கட்டளை அதை வளர்த்தெடுத்தது. ஆயக்கட்டு விவசாயிகள் வயலகம் என்னும் சங்கமாகச் சேர்ந்து, செலவில் ஒரு பகுதியைத் தாமே தந்து, வேலையைத் தாமே நடத்தி, பிற்காலப் பராமரிப்புக்கு ஒரு மூலதனமும் சேர்த்து வைப்பது அதன் ஏற்பாடு. இதில் என்னைக் கவர்ந்த அம்சம் வேறொன்று உண்டு. ஒரு கண்மாயை மாத்திரம் திருத்துவது வீண் என்று கண்டு, அவர்கள் தொடரிலுள்ள ஊர்ச் சங்கங்கள் எல்லாவற்றையும் ஒரு கூட்டமைப்பாக இணைத்தார்கள். வரத்துக்கால் ஆக்கிரமிப்பும் கலிங்கு உயர்த்தலும் பேசித் தீர வேண்டிய இடம் அதுதான். மேலூரானும் கீழூரானும் ஒரே பாயில் உட்கார்ந்து வழக்காட ஓர் இடம் மீண்டும் கிடைத்தது. நிலமற்ற குடும்பங்களையும் கண்மாயின் பயனில் சேர்க்கும் முயற்சி இதில் உண்டு; பழைய சம்பிரதாயம் வெட்கப்பட வேண்டிய இடத்தை இது தொட்டிருக்கிறது.

சர்க்காரும் பின்தங்கவில்லை. விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரோடே 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள் தொடங்கின, விவசாயிகள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ காசாகவோ தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. ஏற்கெனவே உயிருள்ள சங்கம் இருந்த ஊர்களில் அது பயன்பட்டது. சங்கம் காகிதத்தில் மட்டும் இருந்த ஊர்களில் பழைய காண்டிராக்டரே சங்கத் தலைவரின் பெயரில் வந்து, வண்டல் அள்ளிப் போனார் என்று விவசாயிகள் குறைப்பட்டார்கள். குடிகளுக்குப் பங்கு தருவதென்றால் கலிங்கின் மட்டத்தையும் மீன்பாசி ஏலத்தையும் தீர்மானிப்பதில் பங்கு தரவேண்டும். பத்தில் ஒன்றைக் கொண்டுவா என்பதற்கு மட்டும் அழைத்தால், அது 1858-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மிருதுவான பதிப்பாகவே முடியும்.

மேலூர்த் தாலூக்காவில் அரிட்டாபட்டி என்று ஓர் ஊர். சமண முனிவர் படுக்கைகளும், பாண்டியர் குடைவரையும், பாறைகளிடையே ஊறும் சுனைகளும், அவற்றை வாங்கிச் சேர்க்கும் கண்மாய்களும் உள்ள அந்த இடத்தை 2022-இல் சர்க்கார் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதையும் உள்ளடக்கிய பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024-இல் மத்திய சர்க்கார் ஏலம் முடித்தபோது, சுற்றுவட்டாரக் கிராம சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானம் போட்டன. ஜனங்கள் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. மலை போனால் கண்மாய் போகும் என்ற கணக்கை அவர்களுக்கு எந்த நிபுணரும் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நகரத்தின் கதி வேறு. திராவிட தேசத்து அரசன் சத்தியவிரதன் நீர்க்கடன் செய்தபோது அவன் கையில் பகவான் சிறு மீனாக வந்த நதி கிருதமாலை என்று பாகவதம் சொல்கிறது. மதுரைக்கு மாலை போல ஓடிய அந்தக் கிருதுமால் இன்று சாக்கடை. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சிக் கட்டடமும், உலகனேரிக் கண்மாயில் 2004-இல் உயர்நீதிமன்றக் கிளையும் எழுந்தன. கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குகள் அந்த நீதிமன்றத்திலேயே விசாரணைக்கு வருகின்றன. வயல்கள் மனையாகி ஆயக்கட்டு மறைந்ததும், மடையைத் திறக்கச் சொல்லவும் கரையைக் காக்கவும் உரிமையுள்ளவர் எவரும் இல்லாமற் போயினர். விதிவிலக்காக நின்றது திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம். தண்ணீர் இல்லாத பல ஆண்டுகள் தைத் தெப்பத் திருவிழா நிலைத் தெப்பமாகவே நடந்தது. ஆயினும் மீனாட்சியம்மை தெப்பமேற வேண்டும் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்ததால், பனையூர்க் கால்வாய் சீராகி வைகை நீர் மீண்டும் அங்கே வந்து நிறைந்தது. மாடக்குளத்துக்கும் செல்லூருக்கும் வண்டியூர்க் கண்மாய்க்கும் அப்படிக் கேட்கிற திருவிழா கிடையாது. மாடக்குளம் நிறைந்தால் பழங்காநத்தம் வரையிலுள்ள வீட்டு ஆழ்குழாய்களில் நீர்மட்டம் ஏறுகிறது என்பதை அங்குள்ளவர்கள் நன்கு அறிவார்கள். நீரை எடுப்பதில் இன்றைய ஆயக்கட்டுதாரர்கள் அவர்களே. அவர்களுடைய பெயர்களோ, கண்மாய்க் கரையில் அவர்கள் அடைக்கவேண்டிய பங்கோ எந்தப் பதிவேட்டிலும் இன்னும் எழுதப்படவில்லை.